ஆறு நாடு, நாலு பதக்கம்: அரபு நாடுகளின் விளையாட்டுப் போட்டிகளை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி இது: ‘குவைத்தில் வேலை பார்க்கிறேன். ஜிசிசி கேம்ஸ், அரபு கேம்ஸ், கல்ஃப் கப் என்று பல பெயர் காதில் விழுகிறது. எல்லாம் ஒன்றுதானா? இவ்வளவு பணமும் மைதானமும் உள்ள நாடுகளால் ஏன் இவற்றை ஒழுங்கான இடைவெளியில் நடத்த முடியவில்லை? பதக்கப் பட்டியலை எவ்வளவு தூரம் நம்பலாம்?’

மூன்றும் வேறு வேறு. முதலில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

கல்ஃப் கப் என்பது கால்பந்து மட்டும். அரபியில் இதைக் ‘கலீஜி’ என்று எண்ணோடு சேர்த்துச் சொல்வார்கள்; கலீஜி 26 என்றால் 26வது போட்டி. 1970ல் பஹ்ரைனில் நாலு நாடுகளோடு தொடங்கியது. இப்போது எட்டு நாடுகள் ஆடுகின்றன. அவற்றில் ஈராக்கும் யேமனும் வளைகுடா ஒத்துழைப்புக் கவுன்சிலில், அதாவது ஜிசிசியில், உறுப்பினர்கள் அல்ல. நீங்கள் இருக்கும் குவைத் பத்து முறை கோப்பை வென்றிருக்கிறது. வேறு எந்த நாடும் அதன் பக்கத்தில்கூட இல்லை.

ஜிசிசி கேம்ஸ் பல விளையாட்டுகள் கொண்டது. சவூதி, குவைத், பஹ்ரைன், கத்தார், அமீரகம், ஓமன் ஆகிய ஆறு உறுப்பு நாடுகளுக்கு மட்டுமானது. 2011ல் பஹ்ரைன், 2015ல் சவூதியின் தம்மாம், 2022ல் குவைத் என்று முதல் மூன்று போட்டிகள் நடந்தன. பெண்களுக்கான ஜிசிசி போட்டி தனியானது, இதைவிட மூத்தது. 2008ல் குவைத்தில் தொடங்கியது. இளையோருக்கான முதல் போட்டி 2024ல் அமீரகத்தில் நடந்தது.

அரபு கேம்ஸ் இவை எல்லாவற்றுக்கும் பெரியம்மா. அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீகின் 22 உறுப்பு நாடுகளுக்கும் பொதுவானது. லீகின் முதல் பொதுச்செயலாளர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸாம் 1947ல் முன்வைத்த யோசனை. முதல் போட்டி 1953 ஜூலை 26ல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தொடங்கியது. எகிப்து மன்னர் பாரூக் முடி துறந்த நாளின் முதல் ஆண்டு நிறைவு அது. தொடக்கத்திலிருந்தே தேதிக்குள் அரசியல் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தப் போட்டி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு நேரடிக் காரணம் உண்டு. 22 நாடுகளில் 12 ஆசியாவில் இருக்கின்றன, 10 ஆப்பிரிக்காவில். ஆசிய விளையாட்டுப் போட்டியில் எகிப்து வராது. ஆப்பிரிக்கப் போட்டியில் சவூதி வராது. மொராக்கோ ஓட்டக்காரரும் கத்தார் ஓட்டக்காரரும் ஒலிம்பிக், உலகப் போட்டி போன்ற பெரிய மேடைகளில்தான் சந்திக்க முடியும். தகுதி பெறாதவர்களுக்கு அதுவும் இல்லை. இந்த இரண்டு பாதிகளையும் ஒரே மைதானத்தில் நிறுத்த, அரபு நாடுகளுக்கென்றே உள்ள பெரிய பல்விளையாட்டு மேடை இதுதான்.

இப்போது ‘ஏன் ஒழுங்காக நடப்பதில்லை’ என்ற கேள்விக்கு வரலாம். அரபு கேம்ஸ் நடந்த ஆண்டுகளை வரிசையாகப் படியுங்கள்: 1953, 1957, 1961, 1965, 1976, 1985, 1992, 1997, 1999, 2004, 2007, 2011, 2023. முதல் நாலும் கடிகாரம் மாதிரி நாலு வருட இடைவெளியில். பிறகு 11 வருடம், 9 வருடம், 7 வருடம். ஒரு கட்டத்தில் வெறும் 2 வருடம். கடைசியாக 12 வருடம். 2015 போட்டி லெபனானுக்கு ஒதுக்கப்பட்டு நடக்காமலே போனது. அடுத்தது 2027ல் ரியாத் என்று அறிவித்திருக்கிறார்கள்.

பணம் இதில் இரண்டாம்பட்சம். முக்கியக் காரணம் எண்ணிக்கை. ஆசியப் போட்டியில் 45 நாடுகளில் மூன்று வராவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆறு நாடுகள் ஆடும் போட்டியில் மூன்று வராவிட்டால் போட்டியே இல்லை. அக்கம்பக்கத்து நாடுகள் என்பதால் சண்டை வந்தால் அதுவும் அக்கம்பக்கத்திலேயே வரும். பங்காளி வீட்டுக் கல்யாணம் மாதிரிதான்: பந்தலும் சாப்பாடும் தயார், யார் யார் வருவார்கள் என்பது கடைசி நாள் வரை தெரியாது.

இதற்குச் சிறந்த உதாரணம் கல்ஃப் கப் 2017. போட்டி கத்தாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு ஜூனில் சவூதி, அமீரகம், பஹ்ரைன் மூன்றும் (எகிப்தோடு சேர்ந்து) கத்தாரோடு உறவை முறித்தன. மூன்று அணிகள் தோஹாவுக்கு வராது என்றானது. அந்தச் சண்டையில் நடுநிலையாக நின்ற குவைத்தோ அப்போது ஃபிஃபா தடையில் இருந்தது; 2015 அக்டோபரிலிருந்து சர்வதேசக் கால்பந்து ஆட முடியாத நிலை. 2017 டிசம்பர் 6ல் தடை நீங்கியது. உடனே போட்டியைக் குவைத்துக்கு மாற்றி, டிசம்பர் 22ல் முதல் பந்தை உதைத்துவிட்டார்கள். பதினாறே நாள்! மைதானமும் ஹோட்டலும் ஒளிபரப்பு வசதியும் ஏற்கெனவே இருந்ததால்தான் அது முடிந்தது. காசு பிரச்சினையாக இருந்திருந்தால் பதினாறு நாளில் எதுவும் நடந்திருக்காது. 2019ல் தோஹாவிலும் இதே கதை மறுபடி: அந்த மூன்று நாடுகளும் முதலில் வரவில்லை என்றன, கடைசி நேரத்தில் வருகிறோம் என்றன, குலுக்கலைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. அந்தக் கோப்பையை வென்றது தாமதமாக வந்த பஹ்ரைன்தான்.

பழைய கணக்குகளும் உண்டு. 1990 தொடக்கத்தில் குவைத்தில் நடந்த கல்ஃப் கப்பின் சின்னத்தில் இரண்டு குதிரைகள் இருந்தன. அது 1920ல் குவைத்துக்கும் சவூதித் தரப்புப் படைக்கும் நடந்த ஜஹ்ரா போரை நினைவூட்டுகிறது என்று சவூதி வரவில்லை. ஈராக் பாதியில் வெளியேறியது. அதே ஆண்டு ஆகஸ்டு 2ல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலின் தலைவராக இருந்த ஷேக் ஃபஹத் அந்த முதல் நாளிலேயே கொல்லப்பட்டார். அதன்பின் ஈராக் கல்ஃப் கப்புக்குத் திரும்பியது 2004ல்தான். அதற்குப் பிறகும் ஈராக்கின் பாஸ்ரா நகருக்குக் கொடுத்த போட்டி 2013ல் பஹ்ரைனுக்கும், 2014ல் ரியாதுக்கும் மாற்றப்பட்டது. 65,000 பேர் அமரும் மைதானம் கட்டி முடித்து ஒன்பது வருடம் கழித்து, 2023 ஜனவரியில்தான் பாஸ்ராவில் போட்டி நடந்தது. ஈராக்கே ஓமனை 3-2 என்று வென்றது. ஆனால் இறுதிப் போட்டி நாளில் மைதானத்துக்கு வெளியே நெரிசல் ஏற்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தது. நாற்பது வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்த நாடு, டிக்கெட் இல்லாதவர்களும் விடிகாலையிலேயே வந்து குவிந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் வாசலில் டிக்கெட் பார்ப்பது போதாது; ஒரு கிலோமீட்டர் தள்ளியே முதல் தடுப்பு வேண்டும்.

பெயர்ச் சண்டையும் சாதாரணமானதல்ல. அந்தக் கடலை ஈரான் பாரசீக வளைகுடா என்கிறது, அரபு நாடுகள் அரபு வளைகுடா என்கின்றன. 2010ல் டெஹ்ரானில் நடக்கவிருந்த இஸ்லாமிய ஒற்றுமை விளையாட்டுப் போட்டி, பதக்கத்திலும் சின்னத்திலும் ‘பாரசீக வளைகுடா’ என்று பொறித்ததால் எழுந்த தகராறில் ரத்தானது. ஒரு பதக்கத்தின் எழுத்துக்காக ஒரு போட்டியே போயிற்று. ‘வளைகுடா’ என்று மட்டும் எழுதுவது பலருக்கும் பாதுகாப்பான வழி. ஈரானும் அரபு நாடுகளும் சேர்ந்து ஆடிய மேற்கு ஆசியப் போட்டியும் 1997 டெஹ்ரான், 2002 குவைத், 2005 தோஹா என்று மூன்றோடு நின்றுவிட்டது.

அடுத்த இடைஞ்சல் நாட்காட்டி. இதை வெளியே இருப்பவர்கள் கவனிப்பதே இல்லை. வளைகுடாவில் திறந்தவெளிப் போட்டிக்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. ஹிஜ்ரி ஆண்டு (பிறையை வைத்துக் கணக்கிடும் இஸ்லாமிய ஆண்டு) சுமார் 354 நாள் என்பதால் ரமலான் ஒவ்வொரு ஆண்டும் 10, 11 நாள் முன்னால் வரும். 2022ல் ரமலான் ஏப்ரல் முழுவதும். எனவே குவைத் ஜிசிசி கேம்ஸ் பெருநாள் முடிந்து மே நடுவில் வந்தது. 2024ல் பெருநாள் ஏப்ரல் 10. அமீரகத்தில் இளையோர் போட்டி ஏப்ரல் 16ல் தொடங்கியது. இப்போது ரமலான் பிப்ரவரிக்கு நகர்ந்துவிட்டது. 2030ல் ஜனவரியிலும் டிசம்பர் கடைசியிலுமாக ஒரே ஆண்டில் இரண்டு முறை வரும். அதாவது இந்தப் பத்தாண்டில் நல்ல குளிர்காலத்தின் நடுவிலேயே ரமலான் உட்கார்ந்திருக்கும். நோன்பு மாதத்தை மட்டும் தவிர்த்தால் போதாது. நோன்பு காலத்தில் தூக்கமும் பயிற்சி நேரமும் மாறிவிடுவதால், முடிந்தபின் வீரர்கள் பழைய நிலைக்குத் திரும்பக் குறைந்தது ஒன்றிரண்டு வாரம் வேண்டும். இதோடு ஹஜ், ஆசியப் போட்டி, உலகப் போட்டி, பள்ளித் தேர்வு எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது இரண்டு மூன்று வாரம்தான். கல்ஃப் கப்புக்கு இன்னொரு தலைவலி: அது ஃபிஃபா நாட்காட்டிக்கு வெளியே இருக்கிறது. வெளிநாட்டுக் கிளப்பில் ஆடும் வீரரை அனுப்ப அந்தக் கிளப்புக்குக் கட்டாயம் கிடையாது. முழு பலத்தோடு ஓர் அணி வரவில்லையே என்று திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

மே மாதத்துக்குத் தள்ளினால் வெயில். வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் வைத்துப் போட்டி நேரம் முடிவு செய்யக் கூடாது. கணக்கில் எடுப்பது ஈரக்குமிழ் கோள வெப்பநிலை: ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு 70%, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் அளவுக்கு 20%, சாதாரணக் காற்று வெப்பத்துக்கு 10%. ஈரப்பதத்துக்கு இவ்வளவு எடை கொடுக்கக் காரணம், காற்று ஈரமாக இருந்தால் வியர்வை ஆவியாகாது, உடல் குளிராது. ரியாதின் 42 டிகிரி வறண்ட மாலையைவிட தோஹாவின் 32 டிகிரி புழுக்க இரவு நீண்ட தூர ஓட்டத்துக்குக் கொடுமையாக இருக்க முடிவதும் இதனால்தான். 2019 உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானைத் தோஹாவில் நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் தொடங்கினார்கள். 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. ஆகவே இந்த நாடுகளில் பல்விளையாட்டுப் போட்டி மே மாதத்தில் என்றால் உள்ளரங்க விளையாட்டுகளும் இரவு ஒளியில் தடகளமுமாகவே பட்டியல் அமையும். சாலையில் நடக்கும் சைக்கிள் பந்தயத்தை விடியலில் முடித்துவிட வேண்டும்.

இனி பதக்கப் பட்டியல். இங்கேதான் செய்தித்தாள் படிப்பவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எண்ணிக்கை சிறிதானால் ஒவ்வொரு விளையாட்டும் வேறு வேறு விதமாக வளைகிறது.

ஜூடோவை எடுங்கள். அதில் ஒவ்வொரு எடைப்பிரிவிலும் ஒரு தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம். ஆறு நாடும் தலைக்கு ஒருவரை அனுப்பினால் ஆறு பேரில் நாலு பேருக்குப் பதக்கம். இரண்டு நாடுகள் அனுப்பவில்லை என்றால் வந்த நாலு பேருக்கும் பதக்கம், சிலருக்கு ஒரு வெற்றிகூட இல்லாமல்! ஏற்பாட்டாளர்கள் இதைத் தவிர்க்க, ‘இத்தனை நாடு பெயர் கொடுத்தால்தான் அந்தப் பிரிவு நடக்கும்’ என்று குறைந்தபட்ச எண் வைப்பார்கள், அல்லது பக்கத்து எடைப்பிரிவுகளை இணைப்பார்கள், அல்லது ஒரே வெண்கலம் என்று மாற்றுவார்கள். மல்யுத்தத்தில் ஐந்து பேரோ அதற்குக் குறைவோ வந்தால் நாக்அவுட் கிடையாது. எல்லோரும் எல்லோருடனும் மோத வேண்டும். அது நியாயமான முறைதான், ஆனால் எடைப்பிரிவுக்குப் பத்து ஆட்டம் வரை ஆகும். கால அட்டவணையைப் பெயர்ப்பட்டியல் உறுதியாவதற்கு முன் அச்சடித்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

ஓட்டத்தில் சிக்கல் வேறு மாதிரி. நாட்டுக்கு இரண்டு பேர் என்றால் 100 மீட்டருக்கு 12 பேர். ஆறு ஆறாக இரண்டு தகுதிச்சுற்று, ஒவ்வொன்றிலும் முதல் மூவர், மிச்சத்தில் வேகமான இருவர், ஆக எட்டுப் பேர் இறுதிக்கு. அழகாக இருக்கிறது. ஆனால் நாலு பேர் காயம், அலுப்பு என்று விலகினால் எட்டே பேர், நேரடி இறுதிப்போட்டி. அப்போது ஓட்டக்காரருக்கு ஒரே வாய்ப்பு. பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டிவிட்டால் ஓடிய நேரம் சாதனையாகவும் செல்லாது, உலகப் போட்டிக்கான தகுதி நேரமாகவும் செல்லாது. பதக்கம் கையில், ஓடிய நேரம் வீண். விவரம் தெரிந்த பயிற்சியாளர் இறுதிப்போட்டி நடக்கும் நேரத்தில் அந்த மைதானத்தில் காற்று எந்தப் பக்கம் வீசும் என்றுதான் முதலில் கேட்பார்.

குழு ஆட்டங்களுக்கு ஆறு அணி என்பது ஒரு சங்கடமான எண். எல்லோரும் எல்லோருடனும் ஆடினால் 15 ஆட்டம், ஓர் அணிக்கு 5. கைப்பந்துக்கு இது சரி. கால்பந்துக்கு ஓய்வு நாளோடு சேர்த்தால் இரண்டு வாரம் ஆகிவிடும். மூன்று மூன்றாகப் பிரித்தால் குழுவில் 6 ஆட்டம், அரையிறுதி 2, வெண்கலத்துக்கும் தங்கத்துக்கும் 2, மொத்தம் 10. ஆனால் மூன்று அணிக் குழுவில் ஓர் அணி எப்போதும் சும்மா உட்கார்ந்திருக்கும். கடைசி ஆட்டம் ஆடும் இரண்டு அணிகளுக்கும் எந்த முடிவு போதும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இருவரும் டிரா செய்து மூன்றாமவரை வெளியே தள்ளலாம். எட்டு அணி கல்ஃப் கப் இந்த வகையில் சுத்தமானது: நாலு நாலாக இரண்டு குழு, 12 ஆட்டம், அரையிறுதி 2, இறுதி 1. கடைசிச் சுற்றில் ஒரு குழுவின் இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்துவிடலாம்.

நீச்சலில் ஒரு நபர் பட்டியலையே புரட்டிவிட முடியும். 2011 தோஹா அரபு கேம்ஸில் துனீசியாவின் உஸாமா மெல்லூலி 15 தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் வென்றவர் அவர். துனீசியாவின் மொத்தத் தங்கம் 54; அதில் கால்பங்குக்கு மேல் ஒரே உடம்பிலிருந்து வந்தது. அவர் வரவில்லை என்றால் துனீசியாவின் இரண்டாம் இடம் ஆட்டம் கண்டிருக்கும். ஆனால் கைப்பந்திலோ கூடைப்பந்திலோ பன்னிரண்டு பேர் இரண்டு வாரம் வியர்வை சிந்தினால் கிடைப்பது ஒரே ஒரு தங்கம். பளுதூக்குதலில் இன்னொரு நுணுக்கம்: ஒலிம்பிக்கில் மொத்த எடைக்கு மட்டும் பதக்கம், உலகப் போட்டியில் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க், மொத்தம் என்று மூன்றுக்கும் தனித்தனிப் பதக்கம். வட்டாரப் போட்டியின் விதிநூல் இரண்டாவது முறையைப் பின்பற்றினால் ஒரே மாலையில் ஒருவருக்கே மூன்று தங்கம். நடத்தும் நாட்டுக்குப் பலமான விளையாட்டு எது என்பதைப் பொறுத்து இந்த முடிவு எப்படி அமையும் என்று ஊகிக்க ஜோசியம் தேவையில்லை.

நடத்தும் நாட்டுக்கு வேறொரு சாதகமும் உண்டு: விமானச் செலவு இல்லை, எல்லாப் பிரிவிலும் ஆள் நிறுத்தலாம். 2023 ஜூலையில் அல்ஜீரியா அல்ஜியர்ஸ், ஓரான், அன்னாபா, கான்ஸ்டன்டைன், திபாஸா என்று ஐந்து ஊர்களில் நடத்தி, 105 தங்கத்தோடு 253 பதக்கம் எடுத்தது. ஓரானில் முந்தைய ஆண்டின் மத்தியதரைக்கடல் போட்டிக்காகக் கட்டிய வளாகம் அப்படியே கிடைத்தது. அங்கே புதிதாகக் கட்டிடச் செலவு பெரிதாக இல்லை. ஆனால் ஐந்து ஊர் என்றால் ஐந்து மருத்துவக் குழு, ஐந்து மொழிபெயர்ப்பு மேசை, ஊக்கமருந்துச் சோதனைக்கான சிறுநீர் மாதிரிகளைக் குளிர்ப்பெட்டியில் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பும் ஐந்து தனி ஏற்பாடு. அந்த முறை கால்பந்தை 23 வயதுக்குட்பட்டோருக்கு என்று வைத்ததும் கவனிக்கத்தக்கது. மூத்தோர் அணிகளை ஜூலையில் திரட்டுவது நடக்காத காரியம்.

குடியுரிமை மாறிய வீரர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கென்யாவில் பிறந்த ஸ்டீபன் செரோனோ 2003ல் சைஃப் சயீத் ஷாஹீனாகக் கத்தாருக்கு ஓடி உலகத் தங்கம் வென்றார். கென்யாவிலேயே பிறந்த ரூத் ஜெபெத் 2016ல் பஹ்ரைனுக்கு ஒலிம்பிக் தங்கம் தந்தார். பின்னர் ஊக்கமருந்துக் குற்றத்தில் தடை பெற்றார். உலகத் தடகள அமைப்பு 2017ல் நாடு மாற்றங்களை நிறுத்திவைத்து, 2018ல் மூன்று ஆண்டுக் காத்திருப்பு உட்படப் புது விதி கொண்டுவந்தது. பஹ்ரைன் போன்ற சிறிய நாட்டின் தடகளத் தங்கங்களைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும். அதற்காக எல்லாமே ‘வாங்கிய பதக்கம்’ என்று பேசுவது சோம்பேறித்தனம். 2011ல் அரபு கேம்ஸ், ஜிசிசி கேம்ஸ் இரண்டிலும் கால்பந்துத் தங்கம் வென்றது அதே பஹ்ரைன்தான். கால்பந்தில் ஓரிருவரைச் சேர்த்து மட்டும் ஓர் அணியை வெல்ல வைக்க முடியாது.

ஆகவே, பட்டியலில் முதலிடம் யார் என்று பார்ப்பதற்கு முன் அந்தப் பிரிவில் எத்தனை பேர் ஆடினார்கள் என்று பாருங்கள். எட்டுப் பேருக்கு மேல் ஆடிய பிரிவின் வெண்கலம், மூன்று பேர் ஆடிய பிரிவின் தங்கத்தைவிடக் கனமானது. அடுத்து, வென்றவரின் நேரத்தையோ தூரத்தையோ அதே ஆண்டின் ஆசியப் போட்டி இறுதியில் எட்டாவதாக வந்தவரோடு ஒப்பிடுங்கள். நெருக்கமாக இருந்தால் தரமான போட்டி.

நேரில் போய்ப் பார்க்க நினைத்தால்: குவைத்தில் வாரவிடுமுறை வெள்ளி, சனி, அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு. முக்கிய ஆட்டங்கள் நடத்தும் நாட்டின் விடுமுறை மாலையில் வரும், உங்கள் விடுமுறையில் வர வேண்டும் என்றில்லை. ஜிசிசி குடிமக்கள் அடையாள அட்டையைக் காட்டி எல்லை தாண்டலாம். வேலை விசாவில் இருக்கும் நமக்கு அந்தச் சலுகை இல்லை, போகும் நாட்டுக்குத் தனி விசா வேண்டும், திரும்பி வர உங்கள் இகாமா (குடியிருப்பு அனுமதி) செல்லுபடியாக இருக்க வேண்டும். சவூதியின் அல் கோபாரிலிருந்து பஹ்ரைனுக்கு 25 கிலோமீட்டர் கடல் பாலத்தில் காரிலேயே போய்விடலாம் என்றாலும் பெரிய ஆட்டம் உள்ள நாளில் குடிநுழைவு வரிசைக்கே தனியாக நேரம் ஒதுக்குங்கள். கல்ஃப் கப் இறுதி என்றால் டிக்கெட் இல்லாமல் மைதானப் பக்கம் போகவே போகாதீர்கள். தடகளம், நீச்சல், கைப்பந்து அரங்குகளில் பெரும்பாலும் இடம் காலியாகத்தான் இருக்கும். நல்ல விளையாட்டைப் பக்கத்திலிருந்து பார்க்க அதுவே சரியான இடம்.